கீல்

அந்தேரி கிழக்கில், லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய அறை என் ஆபீஸ்.
வெண்டைக்காய் ஒடித்தால் கழுத்து முறியும்.
ஈரத் துண்டை முறுக்கினால் குடல்.
தோல் பையைக் குத்தினால் இதயம்.
இதயம் மட்டும் கொஞ்சம் பொய்யாகக் கேட்கும்,
யாரும் புகார் சொன்னதில்லை.

போன தீபாவளிக்கு வந்த பேய்ப்படத்தில்
பதினோரு சாவும் என் கைவேலை.
என் பேர் ஓடுவதற்குள்
தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மார்ச்சில் பெட்னேகர் வந்தான்.
மட் தீவில் பங்களா பிடித்து, மூன்றே நாளில்
அதே கதையை எடுத்து முடித்திருந்தான்.
அதே மாடிப்படி. அதே முழுநிலா.
பேய் மட்டும் வேறே:
வெள்ளைப் புடவையில், மீசை எடுக்க மறுத்த
வெர்சோவாக்காரன் ஹேமந்த் தாண்டேல்.
'ஆம்பிளைங்க மட்டும். எல்லாமே உண்டு.
வெளிநாட்டுல வாங்கிக்குவாங்க.
உன் பேர் எங்கேயும் வராது.'
எப்போ வந்துச்சு, என்றேன்.

ஒரிஜினலில் இரண்டு கல்லூரிப் பையன்கள்.
ஒருவன் தோளில் மற்றவன் கை
தேவைக்கு மேல் இரண்டு நொடி இருக்கும்.
நாற்பதாவது நொடியில் இருவருக்கும் கழுத்து.
நான்தான் ஒடித்தேன்,
ஆளுக்கு ஒரு வெண்டைக்காய்.
விசில் அடித்தார்கள்.
அவர்களுக்கு முன்னால் அந்தப் படத்தில் செத்தது
ஒரு நாய் மட்டும்.

பெட்னேகர் படத்திலும் அதே அறை, அதே தோள், அதே கை.
நாற்பது நொடி போகிறது. எண்பது போகிறது.
பேய் வருகிறது, கட்டிலில் இடம் கேட்கிறது.
முத்தத்தில் கோரைப்பல் கழன்று தரையில் விழ
மூன்று பேரும் சிரித்துவிடுகிறார்கள்.
வெட்டாமல் விட்டிருந்தான் பெட்னேகர்.
எவர்சில்வர் தட்டில் ஓர் ஏலக்காயைப் போட்டேன்.
பல் விழுந்தது.

முத்தங்களுக்கு என் புறங்கை.
நான்கு மணி நேரம், இருட்டில், ஹெட்ஃபோனோடு,
எச்சில் காய்ந்தால் தண்ணீர் தொட்டு,
ஐம்பத்து மூன்று வயதில்
என்னையே முத்தமிட்டுக்கொண்டிருந்தேன்.
வெண்டைக்காய்க்கு அன்று வேலையே இல்லை.
வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளிக்குழம்பு வைத்தேன்.

ஓர் இடத்தில் மட்டும் ஆறு முறை திருத்தினான்.
கதவு தட்டும் சத்தம்.
தேங்காய் மூடியால் தட்டினேன், காற்று தட்டுகிற மாதிரி.
'இது பேய் தட்டறது. என் பசங்க பயப்படமாட்டாங்க.'
முட்டியால் தட்டினேன்.
'இது பக்கத்து வீட்டு மாமி.'
கடைசியில் கட்டைத் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து
மூன்று முறை இடித்தேன், அவசரமே இல்லாமல்.
பெட்னேகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து
வாசலைப் பார்த்தான்.
'இதுதான்.'
படத்தில் கதவைத் திறந்தால் வெறும் காற்று.
அன்று மட் தீவில் யார் நின்றார்கள், எவ்வளவு வாங்கினார்கள்
என்று அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இரண்டு படத்திலும் கதவு கிறீச்சிடும்.
இரண்டும் ஒரே கீல்.
ஆன்டாப் ஹில்லில் என் அறைக் கதவின் மேல்கீல்,
துரு பிடித்தது, அப்படியொரு குரல்
காசு கொடுத்தாலும் கிடைக்காது.
பகலில் பதிவு செய்தேன், ஆள் இல்லாத நேரம்.

வடாலா டிரக் டெர்மினஸில் கணக்கை மூடிவிட்டு
பிலவேந்திரன் வரும்போது ஒரு மணி ஆகும்.
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
தங்கப்பழமும் மனைவியும் மூன்று பிள்ளைகளும்.
அவன் கதவை இரண்டு கையாலும் பிடித்து,
ஒரு விரற்கடை மேலே தூக்கி,
காய்ச்சல்காரப் பிள்ளையை இடம் மாற்றுவதுபோல்
திறப்பான்.
ஒன்பது வருஷமாக.

'இதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடேன்' என்பான்.
தொழில், விட முடியாது, என்பேன்.
அது பாதிதான் உண்மை.
அவன் தூக்குவதைப் பார்க்க
முழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.
அந்தச் சத்தத்துக்கு மட்டும்
என்னிடம் பொருள் இல்லை.