இரண்டு விரல் இடைவெளி

முதலில் படுக்கை பார்க்க வேண்டும்.
வார்க்கட்டு வந்து இறங்கியதும்
பிரித்து, உள்ளங்கையால் தடவுவேன்.
போகும்போது பட்டு,
திரும்பும்போது வைக்கோல்.
நுனியிலிருந்து கொக்கியைப் பார்த்து
மயிர் படுத்திருந்தால்தான்
வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும்.
மாற்றி வைத்தால் சிலிர்த்து நிற்கும்,
கோபித்த பூனைபோல.

மயிர் என்றுதான் சொல்கிறேன்.
முடி என்றால் சலூனில் விழுவது,
ரோமம் என்றால் விளம்பரம்.
காரில் போகும்போது ஃபோனில் ஒருமுறை
‘மயிர் நல்லா இருக்கு, அனுப்புங்க’ என்றேன்.
பின்சீட்டில் மகன் சிரித்து முடிக்க
இரண்டு சிக்னல் ஆனது.

வெட்டுவது பின்பக்கமிருந்து.
பிளேடு தோலை மட்டும் கேட்க வேண்டும்,
மயிரைக் கேட்கக் கூடாது.
முன்பக்கம் வெட்டினால்
ஓரமெல்லாம் பள்ளிக்கூடத்துக் கிராப்பு.
கொக்கி மடியும் இடத்தை மட்டும்
கதிரேசனின் டிரிம்மரால் வழித்துவிடுவேன்.
அது தெரிந்த நாளிலிருந்து
தாடி வளர்க்கிறார்.

வீட்டுக்குள் வரக்கூடாது என்பது ஒப்பந்தம்.
கராஜில், வாஷிங் மெஷினுக்கும்
காற்றிறங்கிய சைக்கிளுக்கும் நடுவில் என் மேசை.
ஆனாலும் போன வாரம்
சாம்பாரில் ஒரு வெள்ளை இழை.
யாரும் எதுவும் பேசவில்லை.

மயிரைக் கட்டி மலையை இழு,
வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள்.
நாற்பத்தெட்டுக் கிலோ மலை ஒன்று,
பெயர் டம்ப்ளிங்,
வேலிமேல் போஸத்தைக் கண்டு பாய்ந்ததில்
போனது மயிரல்ல, ரிவிட்.
பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
அன்றிலிருந்து
உள்ளே நைலான், ஓரத்தில் இரட்டைத் தையல்.

ஜனவரியில் சங்கத்து விழாவுக்கு ஸ்டால் கேட்டேன்.
பத்தடி இடம், நாற்பது டாலர்.
தேதியைக் கவனிக்கவில்லை.
மாட்டுப் பொங்கல்.
அட்டையில் வெட்டிய பசுவுக்கு மாலை போட்டு,
பொட்டு வைத்திருந்தார்கள்.
அதற்கு நேர் எதிரே நான்,
முப்பத்தொரு கழுத்துப் பட்டைகளுடன்.

செயலாளர் சபேசன் வந்து
குரலைத் தாழ்த்தினார்:
கொஞ்சம் அந்தப் பக்கம், குப்பைத்தொட்டிக்கு இந்தப் பக்கம்.
நல்லபடியாகத்தான் சொன்னார்.
அவர் மனைவி
கையைப் பின்னால் கட்டிக் குனிந்து பார்த்து,
‘இந்த வேலை உங்களுக்கு எப்படி…’
என்று இழுத்தார்.
இழுத்த இடத்தில் ஓர் ஊர் இருந்தது,
ஒரு தெரு இருந்தது,
தெருவின் எந்தக் கோடி என்பதும் இருந்தது.
‘யூடியூப்’ என்றேன்.

அன்று பத்தொன்பது விற்றது.

ஜூலையில் ஓர் இரவு, எட்டரை மணி.
டுவூம்பாவின் புல்லெல்லாம்
பனியில் விறைக்கத் தொடங்கும் நேரம்
கராஜ் ஷட்டரை விரல்கள் தட்டின.
சபேசன்.
கையில் துணி காயப்போடும் கயிறு,
கயிற்றின் முனையில் சுருட்டைச் சுருட்டையாய் நாய்.
பெயர் கேட்டேன். முத்து என்றார்.
சுற்றிப் பார்த்தார்.
‘மாடு மாதிரி தெரியாத மாடு இருக்கா?’

முழுக்கறுப்பில் ஒன்று இருந்தது.
அதிலும் ஓரமாய்ச் சூட்டுத் தழும்பு,
ஏதோ பண்ணை எண்ணின் மிச்சம்,
ஆறாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.
உள்ளே போகிற மாதிரி மடிக்கட்டுமா என்றேன்.
வெகுநேரம் யோசித்தார்.
‘இருக்கட்டும்.’

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே
இரண்டு விரல் நுழைய வேண்டும்.
தளர்ந்தால் உருவிக்கொண்டு ஓடும்,
இறுகினால் இருமும்.
நீங்களே பாருங்கள் என்றேன்.
அவர் விரல்கள் வந்து
மயிருக்கு மேலே நின்றன.
முத்து காத்திருந்தது.
நான் நூலைக் கத்தரித்தேன்.
பிறகு நுழைத்தார்.
‘ரெண்டு போகுது’ என்றார்.
கொஞ்சம் கழித்து, ‘உள்ளே துடிக்குது.’
‘அது நாய்’ என்றேன்.

விலை அறுபத்தைந்து.
எழுபதாகவே இருக்கட்டும் என்று
மேசை ஓரத்தில் வைத்தார்.
டப்பாவெல்லாம் தேடி
ஐந்து டாலர் எடுத்து,
நீட்டிய கையை மடக்காமல்
நின்றேன்,
அவர் வாங்கும்வரை.