வில்மர் பெயரில் இரண்டு பூசை

கய்யாவ் துறைமுகத்தில் மழை பெய்வதில்லை.
மே தொடங்கி நவம்பர் வரை
வானம் வேர்க்கும், அவ்வளவுதான்.
சுவரில் பிடித்த பாசியும்
சுவரில் பாய்ந்த குண்டின் குழியும்
ஒரே ஈரத்தில் கறுக்கும்.

பாதர் எவாரிஸ்தோவின் மேசை இழுப்பறையில்
அப்ப டப்பாவுக்குப் பக்கத்தில்
பழந்துணி சுற்றிய மூன்று துப்பாக்கிகள்.
காணிக்கைப் பையில் வந்தவை.
முதல் தடவை பை கனத்தபோது
யாரோ சில்லறையாகப் போட்டிருக்கிறார்கள் என்று
மகிழ்ந்துபோனாராம்.
போலீசில் கொடுத்தால் அடுத்த வாரமே
தெருவுக்குத் திரும்பிவிடும்.
மீன்படகில் போய்
தீவு தாண்டிக் கடலில் போடுவார்.

கசாப்புக் கடை, முடிதிருத்தும் கடை,
மோட்டோ டாக்சி நிறுத்தம்
எல்லாவற்றுக்கும் வாரவரி.
கட்டாதவன் கதவில்
ஒரு தோட்டாவை ஒட்டிவிட்டுப் போவார்கள்.
வில்மர் சும்பிதாஸ் கட்டவில்லை.
பதினேழு நாள்
கட்டாமலே வண்டி ஓட்டினான்.

மாதம் ஒருமுறை அவன் அம்மா தெயோபிலா வருவாள்.
பத்து சோல் எண்ணி வைப்பாள்.
வில்மரின் ஆத்தும இளைப்பாற்றிக்கு என்று
பாதர் நோட்டில் எழுதுவார்.

அதே வாரம் இன்னொருவனும் வருவான்.
பத்தொன்பது வயதிருக்கும். காலணி புதிது.
பாவசங்கீர்த்தனத் தொட்டியில்
அவன் என்ன சொன்னான் என்று
எனக்குத் தெரியாது. நான் மணியடிப்பவன்.
வெளியே வந்த பாதர் தண்ணீர் கேட்டார்,
குடிக்க மறந்தார்.
அப்புறம் நோட்டில்
அதே பெயர், அதே மை,
இன்னொரு பத்து சோல்.

போன செவ்வாய் தெயோபிலா
நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.
என் பையனுக்கு வேறு யார் பூசை வைக்கிறார்கள்?
பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்ததை மறுபடி துடைத்தார்.
கடலில் போட்டதாவது ஒருநாள்
வலையில் ஏறி வரலாம்.
தொட்டி வலைக்குள் போட்டது ஏறாது.

வெகுநேரம் நின்றாள்.
கடன்பட்டவன்தான், என்றாள் தனக்கே.
கடன்பட்டவன்தான் மாதம் தவறமாட்டான்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்காதீர்கள்.
இந்தத் தெருவில்
யார் காலணி எப்போது புதிதானது என்று
எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு அவள் முன்வரிசைக்குப் போகவில்லை.
கடைசி பெஞ்சில்
அவன் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.
சமாதானம் சொல்லும் நேரம் வந்தது.
எல்லோரும் கை நீட்டினார்கள்.
பாதர் பீடத்தில் அடுத்த செபத்தை விட்டுவிட்டுப்
பார்த்துக்கொண்டு நின்றார்.
அவள் கை மடியிலேயே இருந்தது.
அவன் கையும்.

நடுவில் ஒருவர் உட்காரும் இடம்.
தாமதமாக வந்த மீன்கடைக்காரர்
குடையை மடக்கிக்கொண்டு
அங்கே உட்காரப் போனார்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்:
ஆள் இருக்கு.