லோ பேட்டரி: ஒரு சுருக்க வரலாறு

பெயரை நாங்கள் வைக்கவில்லை.
குதைபியாவில் மூன்றாம் மாடி, கூரையில் புகை அலாரம்
நாற்பது நொடிக்கொரு தரம் கீச் என்றது.
நாளைக்கு, நாளைக்கு என்றார் வாட்ச்மேன் நதீம்.
முதல் பாட்டில் அது நான்கு முறை வருகிறது.
வெட்டி எடுக்கப் பார்த்தோம், வரவில்லை.
கடைசியில் தாளத்தை அதற்கு ஏற்ப நகர்த்திக்கொண்டோம்.

ரெக்ஸ்லின் டயாலிசிஸ் வார்டு, நான் ரத்தப் பரிசோதனை.
இரவு ஷிப்ட் இருவருக்கும் சேர்ந்து விழும் வாரங்களில்
பகல் பதினொரு மணிக்குத் துணி அலமாரியைத் திறந்து
சீருடைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிடுவோம்.
கீபோர்டு, கணக்கு முடித்து ஊர் போன கோவாக்காரன் விட்டது.
மேல் நி அமுக்கினால் எழாது.
எங்கள் இசையில் மேல் நி கிடையாது.

பதிவென்றால் ஏசியை நிறுத்தியாக வேண்டும்.
விண்டோ ஏசி, மேடேறும் லாரி மாதிரி.
நிறுத்தினால் அந்த அறை
இரண்டு நிமிடம் நாற்பது நொடி பொறுக்கும்.
அதற்குமேல் லேப்டாப் மூர்ச்சையாகும்,
மூன்றாவது கட்டிலில் மேரிவிக் எழுந்து
தன் மொழியில் எங்களை வைவாள்.
அந்த வசவைப் பின்னோக்கி ஓடவிட்டால் ஐந்தாவது பாட்டு.
அவளுக்கும் தெரியும்,
பங்காக ஒரு ரைஸ் குக்கர் வாங்கிக்கொண்டாள்.

போட்டது முப்பது கேசட்.
ஒன்று எப்படியோ போலந்து போயிற்று.
எந்தப் பாட்டும் மூன்று நிமிடத்தைத் தொடவில்லையே,
சுருக்கம் உங்கள் தத்துவமா, என்று கடிதம்.
ரெக்ஸ்லின் தபால் அட்டையில் எழுதினாள்:
இல்லை. ஆகஸ்ட்.

ஃபிரிட்ஜை மட்டும் நிறுத்த முடியாது,
உள்ளே மேரிவிக்கின் மீன்.
அதன் முனகல் எல்லாவற்றிலும் ஏறியது.
சரி, இதுவே சா என்றோம்.
தம்புராவுக்குக் காசில்லாதவர்களுக்கு
மின்சார வாரியம் சுருதி போட்டது.
இரண்டாம் கேசட் முழுக்க அந்தச் சா.

பிறகு அவளுக்கு கோபாரில் வேலை,
சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு.
நடுவில் கடல், மேலே இருபத்தைந்து கிலோமீட்டர் பாலம்.
கார் வைத்திருப்பவர்கள் அதில் வெள்ளிக்கிழமை சினிமாவுக்கு வருவார்கள்.
அவளுக்கோ எக்சிட், ரீ-என்ட்ரி, வார்டன், கையெழுத்து.
ஹாஸ்டலில் போர்வைக்குள் பாடி அனுப்பினாள்.
என்னுடையதோடு சேர்த்தேன்.
புளித்தது.

உன் மைக் சரியில்லை என்றேன்.
உன் காது என்றாள்.
நான் வந்துவிட்டதால் உனக்கு எல்லாம் தப்பாகக் கேட்கிறது என்றாள்.
மூன்று வாரம் பேசவில்லை.

மெஷின் பழுது பார்க்கும் ஜாஃபர்தான்
டீ குடித்துக்கொண்டே சொன்னார்:
பாலத்துக்கு அந்தப் பக்கம் கரண்ட்டே வேறு.
இங்கே நொடிக்கு ஐம்பது துடிப்பு, அங்கே அறுபது.

கோப்பையை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன்.
ஐந்துக்கு ஆறு.
சாவுக்கு சாதாரண காந்தாரம்.
ஒரு பிசிறில்லை.
அவள் ஃபிரிட்ஜ் ஒன்றும் அபஸ்வரம் பாடவில்லை,
நான்தான் அதைச் சாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதும் கடைசியுமான கேசட்டில்
இரண்டு ஃபிரிட்ஜ்களைத் தவிர யாருமில்லை.
டிசம்பரில் எடுத்தது, பத்தொன்பது நிமிடம்.
ஏழாவது நிமிடத்தில் அவள் இருமுகிறாள்.
பதினொன்றில் என் பக்கம் மோட்டார் நின்றுவிடுகிறது,
காந்தாரம் மட்டும் தனியே,
எதற்குக் காந்தாரம் என்று தெரியாமல்.
போலந்துக்காரர் எழுதவில்லை. நீளமாகிவிட்டதோ என்னவோ.

இப்போது அவள் அயர்லாந்தில், கால்வே.
போன மாதம் ஒரு செய்தி:
இங்கேயும் ஐம்பதுதான். பார்த்துவிட்டேன்.
சேர்த்து ஓடவிட்டால் இனி ஒரே சா.
பதில் எழுத எடுத்து எடுத்து வைக்கிறேன்.

நேற்றுப் புது வாட்ச்மேன் ஏணி போட்டு
அலாரத்துக்கு பேட்டரி மாற்றிவிட்டுப் போனான்.
நாற்பது நொடிக்கொரு தரம்
தலை தூக்கிப் பார்க்கிறேன்.