ஒன்று தசம் எட்டு வீதம்

பரந்தன் பழைய இரும்புக் கடையில்
உடைந்த ஸ்பீக்கர்க் காந்தமொன்றை
நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் கமலரூபன்.
பாய்ந்து ஒட்டுவதெல்லாம் இரும்பு, மலிவு.
ஒட்டாததுதான் காசு.
எரித்தெடுத்த வயரில் அரைக் கிலோ நிறுத்துத் தந்தான்.
எந்த வீட்டுச் சுவருக்குள் ஓடியதென்று
அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஆய்வுகூடத்துக்குக் கேட்டிருந்த செப்பு உப்பு
கொழும்பில் ஒரு கையெழுத்துக்காகக் கிடந்தது.

வினாகிரி, பேரொட்சைட்டு, மூன்று நாள்.
பம்பைமடுவில் கரண்ட் போவதும் வருவதுமாய்.
நீலம் இறங்கியது. வடித்து, பைரசீன் விட்டு
ஜாம் போத்தலை அலுமாரிக்குள் வைத்து
யாரும் தட்டிவிடாதபடி கடதாசி ஒட்டினேன்.
பன்னிரண்டாம் நாள் அடியில்
குரக்கன் மணியளவில் பச்சைப் பளிங்கு.

உள்ளே என்ன இருக்கிறதென்று ஐதராபாத்தில் பார்த்தார்கள்:
முகம் பார்த்தபடி இரண்டு செம்பு,
சுற்றிவர நாலு அசற்றேற்றுக் கைகள்.
முதுகுப்புறம் ஒரு பைரசீன், அதற்கப்பால்
அடுத்த சோடி, அதற்கப்பால்
அடுத்த சோடி,
கதியால் நட்டுக்கொண்டு போனதுபோல.

ஒவ்வொரு செம்பிலும் ஓர் இலத்திரன் தனி,
அதுவே ஒரு சின்னக் காந்தம்.
ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும்.
பேச்செல்லாம் அந்தக் கைகளின் வழியேதான்.
வெக்கையில் கொஞ்சம் மறந்து திரும்பிக்கொள்ளும்.
குளிரக் குளிர
ஒன்றையொன்று முழுதாய் அழித்துவிட,
வெளியே ஒரு சத்தமுமில்லை.

இங்கே முந்நூற்றெட்டுக் கெல்வின், மின்விசிறியும் நின்றுவிட்டது.
அங்கே ஈலியத்துக்குள் இரண்டு.
வரைபு வந்தது.
இறங்கி, இறங்கி, பூச்சியத்தைத் தொடப்போய்
கடைசி ஐந்து கெல்வினில்
வாலொன்று எழும்பியிருந்தது.

மாசு, கழித்துவிடு என்று எழுதினார் பேராசிரியர்.
எங்கோ சோடி சேராமல் போன செம்புகள்.
அழித்துவிட எதிரே ஆளில்லை.
மற்றதெல்லாம் அடங்கிய குளிரில்
அவை மட்டும் கேட்கின்றன.

கழித்தேன்.
கழிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு மாறிலி பிழைக்கும்.
இப்போது கோடு சொன்னபடி அடங்குகிறது.
எவ்வளவு கழித்தேன் என்பதை மட்டும்
அட்டவணைக்குக் கீழே, மிகச் சின்ன எழுத்தில் போட்டேன்:
ஒன்று தசம் எட்டு வீதம்.

பக்கம் கூடிவிட்டது, அந்த அடிக்குறிப்பை எடுக்கலாமா
என்று நேற்று கேட்டு வந்திருந்தது.
படத்தைச் சின்னதாக்குங்கள் என்று
பதில் போட்டிருக்கிறேன்.