கேட்டுக்கு இந்தப் பக்கம்

நீடாமங்கலம் ஸ்டேஷன் வாசலில்
டூவீலர் ஸ்டாண்டு என்னுடையது.
தகரக் கொட்டகை, ஒருநாள் வாடகை இருபது,
சீட்டின்மேல் சாக்பீஸால் ஓர் எண்.
எண்ணுவதுதான் பிழைப்பு.
ஆகவே நான் சொல்வதில்
கணக்குதான் கூடுதலாய் இருக்கும்.

தஞ்சாவூருக்குக் காலையில் ஒற்றை ரயில் ஓடிய நாளில்
என்னிடம் நாற்பது வண்டி நின்றது.
ஒன்று இரண்டாகி, இரண்டு நான்கானபோது
டீக்கடை சவரிராயன் சிரித்தான்:
"இனிமே சனமெல்லாம் பஸ்ஸுல வந்து ரயிலேறும்.
உன் கொட்டகையில ஆடு கட்டிக்க."

பஸ்ஸில் யாரும் வரவில்லை.
ஸ்கூட்டிகள் வந்தன.
நூற்றுப்பத்து. நூற்றைம்பது. நூற்றெண்பது.
கொட்டகையை வாய்க்கால் கரைவரை இழுத்துக் கட்டினேன்.
நல்ல ரயில் நல்லது செய்தது,
எனக்கு.

பஸ் இல்லாமல் இல்லை.
ரயிலுக்கென்றே விட்ட டவுன் பஸ் ஒன்று
தெற்கே நாலைந்து ஊரைக் கூட்டிக்கொண்டு வரும்.
ரயில் வருதென்று கேட் விழும்.
கேட் விழுந்ததென்று பஸ் நிற்கும்.
பஸ் நிற்குதென்று ரயிலா நிற்கும்?

நெல் லாரிகளுக்குப் பின்னால், கம்பிக்கு அந்தப் பக்கம்,
ஜன்னலுக்கு ஒரு முகமாய்
தாம் ஏற வேண்டிய ரயில்
தம் மூக்கின்முன் போவதைப் பார்த்திருப்பார்கள்.
அப்படிப் பார்த்தவள்தான் குமுதவல்லி,
மெடிக்கல் காலேஜில் ரத்தம் பரிசோதிப்பவள்.
மூன்றாவது முறை அரைநாள் சம்பளம் போனதும்
தவணைக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்தாள்.
எண் நூற்றுப்பதினொன்று.
"ரயிலுக்குப் பத்து ரூபாண்ணே,
ரயில்கிட்ட வர்றதுக்கு எழுபது" என்பாள்,
ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

மனு கொடுத்து நடந்ததல்ல இது.
கேட்டில் வாங்கிய வசவு தாளாமல்
டிரைவர் சிங்காரவேலு
ஒருநாள் தன் டீயைக் குடிக்காமல் கிளம்பினார்.
பதினோரு நிமிஷம்.
கம்பி தலைக்குமேல் நிமிர்ந்திருக்க
பஸ் இந்தப் பக்கம் வந்து நின்றது.

அதற்கும் நான் அசரவில்லை.
காலையில் கொண்டுவந்து விடுவார்கள்,
ராத்திரி ஏழேகாலுக்கு
தாமதமாய் வரும் ரயிலுக்கு எவன் காத்திருப்பான்?

கண்டக்டர் ஆரோக்கியமேரி காத்திருந்தாள்.
செல்போனில் ரயில் எங்கே என்று பார்ப்பாள்,
"சாலியமங்கலம் தாண்டிருச்சு, இஞ்சினை அணைங்கண்ணே."
ஏறி உட்கார்ந்தவர்கள் முனகுவார்கள்.
அவள் காதில் விழாது.

நூற்று அறுபத்திரண்டு.
நூற்று முப்பது.
குமுதவல்லி ஒரு சாயங்காலம் வந்து
மாத பாஸில் மீதி ஒன்பது நாள் காசு கேட்டாள்.
கொடுத்தேன். எண்ணித்தான் கொடுத்தேன்.

சவரிராயன் கடையில் இப்போது
பஸ் கூட்டத்துக்கு இன்னொரு பாய்லர்.
என்னைப் பார்த்து அவன் சிரிப்பதில்லை,
அதுதான் சுருக்கென்கிறது.

தைக் கடைசியில் மேரிக்கு அம்மை போட்டது.
வந்த மாற்றாள் நல்லவன், கடிகாரம் பார்ப்பவன்.
ஏழேகாலுக்கு விசில் அடித்தான்.
ஏழு இருபத்துமூன்றுக்கு
ரயில் இறங்கிய அறுபது பேர்
காலி வாசலில் நின்றார்கள்.
ஆட்டோக்காரர்கள் விலை சொல்லத் தொடங்கினார்கள்.
எட்டு நிமிஷம்தான்.

மறுநாள் விடிகாலை
கொட்டகை வாசலில் இருபத்தேழு ஹெட்லைட்.
இரண்டாவதாய் நின்றவள்
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
சந்தோஷப்பட வேண்டியவன் நான்.
சாக்பீஸைத் தேடினேன்,
ஈரத்தில் ஊறிக் கிடந்தது.
எழுத எழுத உதிர்ந்தது.