இடது தோள்

ஞாயிறு காலை ஆறரைக்கு
சூரமங்கலம் சமுதாயக் கூடத்துச் சாவி என்னிடம் வரும்.
முந்தின நாள் காதுகுத்தின் சோற்றுப் பருக்கைகளைக்
கூட்டித் தள்ளிய பிறகுதான்
மெக்சிகோ தொடங்கும்.

பதினான்கு பேர்.
கொலுசுப் பட்டறை சௌடப்பன், நகக்கண்ணில் வெள்ளிக் கருப்போடு.
நைட் ஷிப்ட் முடித்து நேராக வரும் இருசாயி,
முழங்கை வரை சேகோ மாவு வாசம்.
நர்ஸ் ரெஜினா. கண்டக்டர் அறிவழகன்.
ஒரு மாதம் பெயரே சொல்லாமல் ஆடிவிட்டுப் போன பல் டாக்டர்.

ஷூவுக்கு ஆணி அடிக்கக் கொடுத்தேன்,
குதிகாலில் முப்பது, முனையில் முப்பது.
நாலு ரோட்டுச் செருப்புக்காரர் கேட்டார்:
"இத்தன ஆணியும் யாரக் குத்த?"
தரையை என்றேன்.
மறுவாரம் மேனேஜர் உடைந்த டைல்ஸ் கணக்கோடு வந்தார்.
அதிலிருந்து பலகை போட்டு ஆடுகிறோம்.

பாவாடை ஒன்றுக்குப் பன்னிரண்டு மீட்டர்.
இளம்பிள்ளைத் தறிக்காரர் கடனுக்குத் தந்தார்.
குழுவை நடத்துவது என்றால் அந்தக் கடன்தான்.
முன்வரிசைச் சண்டை.
ரெஜினாவின் மாமியாரோடு முக்கால் மணி நேரம் போன்.
வராதவர் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி நிறுத்தி
அதைச் சுற்றி ஆடச் சொல்வது.

ஸ்பானிய எண்ணிக்கை யாருக்கும் ஒட்டவில்லை.
அறிவழகன்தான் ஆரம்பித்தான்:
அஞ்சு ரோடு, நாலு ரோடு, ஜங்ஷன், ஜங்ஷன்.
கடைசி ஜங்ஷனில் எல்லாக் குதிகாலும் ஒன்றாக விழுந்தன.

ஏற்காடு கோடை விழாவில்
நாய்க் கண்காட்சிக்கும் பரிசளிப்புக்கும் நடுவே
எட்டு நிமிடம் கொடுத்தார்கள்.
பதினோராம் கொண்டை ஊசியில்
இருசாயி ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள்.
மடியிலிருந்த பாவாடையில் ஒரு துளி படவில்லை.
ஏரிக் குளிரில் ஆடினார்கள்.
கழுத்தில் ரிப்பன் கட்டிய ஒரு நாய்
ஜங்ஷன் வரும்போதெல்லாம் குரைத்தது.

வீடியோவைக் குவாதலஹாராவுக்கு அனுப்பினேன்.
கார் கம்பெனி வேலையாக அங்கிருந்த மூன்று வருடம்
மாலையில் எனக்கு ஆடக் காட்டிய ஒஃபேலியா
இரண்டு நாள் கழித்து எழுதினாள்:
கால்கள் அழகு.
ஏன் எல்லோருக்கும் இடது தோள் தூக்கி நிற்கிறது?

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதைப் போல
பதினான்கு தோள்கள் காதுப்பக்கம் ஏறி.

திரும்பி வந்த வருடம்
குரங்குச்சாவடியில் மணல் லாரிக்கு ஒதுங்கி விழுந்தேன்.
எலும்பு கூடியது, கூடிய இடத்திலேயே நின்றுவிட்டது.
ஜாக்கெட் தைப்பவளுக்கு மட்டும்தான் தெரியும்
என்று நினைத்திருந்தேன்.

"நான் பண்றத அப்படியே பண்ணுங்க."
எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பேன்.
அப்படியே பண்ணியிருக்கிறார்கள்.
நான் விழுந்ததை,
லாரி இல்லாமல், வலி இல்லாமல்,
ரிப்பனும் பூவும் வைத்து.

அடுத்த ஞாயிறு சொல்லிவிட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.
தோளை இறக்கி ஆடிப் பார்த்தார்கள்,
தோள் இறங்கினால் கால் தப்பியது.
"கிழிச்ச டிக்கெட்ட ஒட்ட முடியாது மேடம்"
என்றான் அறிவழகன்.
இருசாயி என் பின்னால் வந்து
இடது தோளில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள்,
அடுக்கிய மூட்டை சரியுமா என்று பார்ப்பதுபோல.
"இது எறங்காது. நீங்க பின்னால போயிருங்க."

போய்விட்டேன்.
இப்போது எனக்கு முதுகுகள்தான் தெரிகின்றன.
ரெஜினா இரவில் தூங்கவில்லை என்பது முதுகில் தெரிகிறது.
சௌடப்பனுக்குத் தோள் பாதி இறங்கியிருக்கிறது,
பல் டாக்டருக்கு இறங்கவே இல்லை.
முன்னால், நான் நின்ற இடத்தில்
அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி.
டைல்ஸ் பாக்கி இன்னும் ஆயிரத்து இருநூறு.