முறைப்பாட்டுக் கொப்பி

உருத்திரனுக்கு இடது காது முழுக்கவும்
வலது காது முக்காலும் கேளாது.
ஸ்குறூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி
பிடியைப் பல்லில் கடித்துக்கொள்வான்.
தாடை எலும்பால் கேட்கிற மெக்கானிக்
புதுக்குடியிருப்பில் இவன் ஒருவன்தான்.
ஆனாலும் பல்லுக்கு எட்டாத சத்தங்கள் உண்டு.
அதற்குத்தான் நானும் இந்தக் கொப்பியும்.

சொந்தக்காரர் சொல்வதைச்
சொன்னபடியே எழுத வேண்டும்,
திருத்தக் கூடாது. கராஜில் அது அவன் சட்டம்.

வருவதெல்லாம் ஒரே சாதிக் கார்.
நாலு கதவு, பெரிய டிக்கி,
லீசிங்கில் வந்த வெள்ளை.
ஊரில் இப்போது பதினொன்று ஓடுகிறது,
ஓடாமல் நிற்கிறதையும் சேர்த்து.

அதிபர் அருளம்பலம்:
"காலமை ஸ்ராட் பண்ண
தகரப் பேணிக்குள்ள பயறு குலுக்கின மாதிரி.
சூடேற அடங்கும்.
பள்ளிக்கூட வாசல்ல திரும்பத் தொடங்கும்.
பெடியள் சிரிக்கினம்."

விதானையார்:
"ஒயில் குடிக்குது. மாசம் ஒரு லீற்றர்.
நான் விட்டிட்டன், இது தொடங்கியிருக்கு."

அரிசி ஆலைக் குலேந்திரன்:
"மஞ்சள் லைற் எரிஞ்சது.
கறுப்பு ரேப் ஒட்டினன், இப்ப எரியேல்லை.
கட்டுக்காசு முடிய இன்னும் முப்பத்தொரு மாசம்.
எஞ்சின் அதுமட்டும் வருமோ,
அதை மட்டும் சொல்லு."

தபால் கந்தோர் மனோரஞ்சிதம்:
"ஏசி போட்டா இழுக்காது.
இழுத்தா ஏசி இல்லை.
மாமி பின்சீற்றில ஏறினா ரெண்டும் இல்லை."

பக்கத்தில், காரணம் என்ற கோட்டுக்குள்,
உருத்திரன் நீலப் பேனையால் எழுதுவான்:
ரிங் தேய்வு.
வால்வ் சீல்.
எயார் பில்ற்றரில் ஒரு சிரட்டை கிரவல் புழுதி.
ரேப்பைக் கழற்று.
மாமிக்கு மருந்தில்லை.

தாதி சுகிர்தா மூன்று தரம் வந்தாள்,
மூன்று தரமும் ஒரே வரி:
"வட்டுவாகல் பாலத்தில மட்டும் நூந்துபோகுது."
பிளக் மாற்றினோம். பிறகு
பெற்றோல் பம்ப்.
காசும் வாங்கினோம்.

நாலாம் தரம் அவன் முன்சீற்றில் ஏறினான்.
நான் பின்னால், மடியில் கொப்பி,
பக்கத்தில் அவள் மகனின் ஒற்றைச் சப்பாத்து.

பாலம் ஒரு வாகனத்துக்கு மட்டுமே அளவு.
இரண்டு பக்கமும் உப்புத்தண்ணி.
இடுப்பளவில் நின்று ஒருவன் வலை வீசினான்.
உருத்திரன் ஸ்குறூ டிரைவரை எடுக்கவில்லை.
குனிந்து
அவளுடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதி தாண்டியதும்
அது தன்பாட்டில் பெடலை விட்டெழும்பி
அந்தரத்தில் நின்றது.
மூன்றாம் கியரில் கார் இரண்டு தரம் குலுங்கி
நூர்ந்தது.
"பாத்தியளே" என்றாள். "எஞ்சின்."
அவளுடைய கண்கள் நேரே ரோட்டில்.
காலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பின்னால் மீன் லொறிக்காரன்
ஹோர்னை அமத்திப் பிடித்தான்.
உருத்திரனுக்குக் கேட்கவில்லை.
"ஓம்" என்றான். "எஞ்சின்தான்.
ரெண்டாம் கியரில போடுங்கோ.
நான் எண்ணுறன், எண்ணி முடியுமட்டும் மிதியுங்கோ."

காது கேளாதவர்களின் உரத்த குரலில்
பாலம் முழுக்க எண்ணினான்.
வலைக்காரன் திரும்பிப் பார்த்தான்.
இருபத்தேழைத் தவறவிட்டு
இருபத்தெட்டுக்குப் போனான்.
நான் திருத்தவில்லை.
ஐம்பத்தாறில் கரை வந்தது.

அன்றிரவு காரணக் கோட்டைக்
கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
இரண்டாம் கியர், என்று எழுதினான்.
அதுவும் பென்சிலால்.

மறுநாள் அவளுடைய பழைய பம்பையே பூட்டி
புதியதின் காசைத் திருப்பிக் கொடுத்தோம்.
"பம்ப்தான் பிழையோ?" என்று கேட்டாள்.
போனவள் இன்னும் திரும்பி வரவில்லை.
பாலத்தில் யாரை எண்ணச் சொல்கிறாளோ.

அடுத்த வரி, விதானையார்:
"இந்த மாசம் ஒண்டேகால்."